கைகட்டு, வாய்பொத்து, விளையாடு!

மூன்று வயதுப் பிள்ளை பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் நாம் அதற்குச் சொல்லித்தரும் முதல் பாடம் அகரமும் கிடையாது, ஒன்று இரண்டு மூன்றும் கிடையாது. கையைக் கட்டு. வாயைப் பொத்து. இடது கை மார்புக்குக் குறுக்கே, வலது கையின் ஆள்காட்டி விரல் உதட்டின்மேல். இந்த ஆசனத்தில் பிள்ளை அசையாமல் உட்கார்ந்துவிட்டால், ‘நல்லா செட் ஆகிட்டான்’ என்று அம்மாவிடம் நற்சான்று வழங்கப்படும். அப்படி உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலைக்கு மேலே சுவரில் பளபளவென்று ஒரு ஃபிளெக்ஸ் தொங்கும்: ‘விளையாட்டு வழிக் கற்றல்’. ஃபிளெக்ஸில் இருக்கும் குழந்தை மரக்கட்டைகளை அடுக்கிச் சிரித்துக்கொண்டிருக்கும். அது இணையத்திலிருந்து இறக்கிய குழந்தை. அதற்குக் கைகட்டத் தெரியாது.

சின்னப் பிள்ளைகள் கையால்தான் கற்கிறார்கள் என்பதில் இன்றைக்கு யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மற்றதற்கெல்லாம் மல்லுக்கட்டும் டெல்லியும் சென்னையும் இதில் ஒரே குரல். கல்வித்துறை அதிகாரி ஒத்துக்கொள்கிறார். தனியார் பள்ளித் தாளாளர் ஒத்துக்கொள்கிறார். ஆண்டு விழாவுக்கு வந்து குத்துவிளக்கு ஏற்றும் பிரமுகர் இரண்டு முறை ஒத்துக்கொள்கிறார். இத்தனை பேர் ஒத்துக்கொண்ட ஒரு காரியத்தை எங்குமே நடக்கவிடாமல் பார்த்துக்கொள்வது லேசுப்பட்ட வேலையா? அதற்கு உழைப்பு வேண்டும், ஒருங்கிணைப்பு வேண்டும், நிதி ஒதுக்கீடு வேண்டும். அந்த உழைப்பைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள் கள்ளக்குறிச்சிக்கு வரலாம்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமான ஊர் இது. வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊர்ப் பேரைச் சரியாக உச்சரிக்கப் பழகியது 2024 ஜூனில், கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோதுதான். கேமராக்கள் வந்தன, கரைவேட்டிகள் வந்தன, போய்விட்டன. இங்கே கரும்பு விளைகிறது, மரவள்ளி விளைகிறது, மக்காச்சோளம் விளைகிறது என்பதோ, பால்வாடிக்குப் போகிற வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதோ அடுத்த சாவு வரை யாருக்கும் ஞாபகம் வரப்போவதில்லை.

பிடுங்கி விற்றல்

டவுனிலிருந்தே தொடங்குவோம். எல்.கே.ஜி. அட்மிஷன் காலம். ஆலையிலிருந்து வந்த கரும்புப் பணத்தோடு ஒரு அப்பா, பையனுக்குத் தலைவாரிப் பவுடர் அப்பிய ஒரு அம்மா, இருவருக்கும் நடுவில் மூன்றரை வயது. மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அட்டை நீட்டப்படுகிறது. அட்டையில் ஒரு பசுமாடு.

“பேபி, வாட் இஸ் திஸ்?”

பையன் அட்டையை உற்றுப் பார்க்கிறான். “இது எங்க மாடு இல்ல. எங்களுதுக்கு ஒரு கொம்பு ஒடஞ்சிருக்கும்.”

“கவ்வுனு சொல்லு கண்ணு, கவ்வு” என்று அம்மா முந்தானையைப் பிசைகிறாள். அப்பா தரையைப் பார்க்கிறார். படிவத்தில் எழுதப்படுகிறது: ‘நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்’.

பார்த்ததை ஞாபகத்தில் இருப்பதோடு ஒப்பிட்டு, ஒற்றுமையை ஒதுக்கி, வேற்றுமையைக் கண்டுபிடித்து, அதை முழு வாக்கியத்தில் சொன்னவன் அந்தப் பையன். அறிவியலும் மொழியும் அந்த இரண்டு வரியில் இருக்கின்றன. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு வேண்டியது மூன்று ஆங்கில எழுத்து. ‘இம்ப்ரூவ்மென்ட்’ யாருக்குத் தேவை என்பதை வாசகர்கள் முடிவுசெய்துகொள்ளலாம்.

2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தில் 13-வது பிரிவு என்று ஒன்று உண்டு. சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றவர்களையோ இப்படிச் சலித்தெடுக்கக் கூடாது, எடுத்தால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்து ஒவ்வொரு தடவையும் 50,000 வரை என்கிறது அது. அப்படி அபராதம் கட்டிய பள்ளி ஒன்று நம் ஊரில் இருந்தால் மேகம் அருவி, பெரியார் அருவியோடு சேர்த்து அதையும் சுற்றுலாத் தலமாக அறிவிக்கலாம். ‘அந்தச் சட்டம் ஆறு வயதுக்கு மேலேதானே, எல்.கே.ஜி. அதில் எங்கே வருது?’ என்று வக்கீல் வைத்து வாதாடவும் வழி இருக்கிறது. இந்த வழியைத் திறந்துவைத்த புண்ணியவான்களிடம் பிறகு வருவோம்.

சேர்ந்தாயிற்று. அடுத்து நாலு கோடு நோட்டு. மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள். மூன்று வயதில் அவற்றில் பாதிகூட எலும்பாகியிருக்காது, மிச்சமெல்லாம் குருத்துதான். அந்தக் கை பிசைய வேண்டிய கை, உருட்ட வேண்டிய கை, கொட்டிக் கவிழ்த்து மறுபடி அள்ள வேண்டிய கை. அதில் பென்சிலைத் திணித்து கர்சிவ் எழுத வைக்கிறோம். இதற்குப் பேர் ‘ஸ்ட்ராங் ஃபவுண்டேஷன்’. எலும்பே வந்து சேராத இடத்தில் அஸ்திவாரம் போடும் பொறியியல் நம் ஊர்த் தாளாளர்களுக்கு மட்டுமே கைவந்த கலை.

இதோடு விட்டிருந்தால் வெறும் கொடுமை என்று போயிருக்கும். வியாபாரம் இனிமேல்தான். காலையில் பிடுங்கிய விளையாட்டை மதியம் அதே கவுன்டரில் ‘ஆக்டிவிட்டி ஃபீஸ்’ என்று ரசீது போட்டு விற்கிறார்கள். டப்பாவில் வரும் கலர் மாவு ஒரு செட். சுற்றுவட்டார ஏரிகளின் வண்டல் லாரி லாரியாகச் செங்கல் சூளைக்குப் போகிறது, ஒரு கைப்பிடி பள்ளிக்கூடத்துக்கு வராது. வந்தால் யூனிஃபார்ம் அழுக்காகும், சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் அம்மாக்கள் போர்க்கொடி தூக்குவார்கள்.

இந்தக் கூத்தின் சிகரம் ‘ஃபார்மர்ஸ் டே’. தியாகதுருகம் பக்கத்து விவசாயியின் பேரன், வாடகைக்கு எடுத்த வேட்டியும் தலைப்பாகையும் கட்டி, மையில் வரைந்த மீசையோடு, தெர்மாகோல் கலப்பையைத் தோளில் சாத்திக்கொண்டு, ‘ஐ ஆம் எ ஃபார்மர்’ என்கிறான். கைதட்டல். உண்மையான விவசாயி பள்ளி கேட்டுக்கு வெளியே டி.வி.எஸ். ஃபிஃப்டியில் உட்கார்ந்து பேரனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். அவரை உள்ளே கூப்பிட்டு, ‘தாத்தா, ஒரு கைப்பிடி விதை கொடுங்க, பிள்ளைங்க ஊனிப் பார்க்கட்டும்’ என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வேஷத்துக்கு வாடகை எப்படி வரும்? வருஷக் கடைசியில் யு.கே.ஜி. பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கி, குஞ்சம் வைத்த தொப்பி, கையில் சுருட்டிய பட்டயம். ஐந்து வயதில் பட்டதாரி. வேலையில்லாப் பட்டதாரிகள் நிறைந்த மாவட்டத்துக்கு இது ஒரு முன்பயிற்சி.

இதில் பல பள்ளிகளின் பெயர்ப்பலகையில் ‘மாண்டிசோரி’ என்று இருக்கும். அந்தப் பேருக்குரிய அம்மாள் 1907 ஜனவரியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோம் நகரத்தின் சான் லோரென்சோ என்ற ஏழைப்பாழைகளின் குடியிருப்பில். பெற்றவர்கள் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிக் கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்று, கட்டடக் கம்பெனிக்காரர்கள் ஏற்பாடு செய்த இடம் அது. காப்பாற்ற நினைத்தது சுவரை. அங்கே போய் அவர் பிள்ளைகளைப் பார்த்தார். அவர்கள் கையில் பொருட்களைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்ததுதான் உலகம் போற்றும் மாண்டிசோரி முறை. 1939-ல் சென்னை அடையாறு வந்து இங்கத்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் வந்து இத்தாலியக் குடிமகள் என்பதால் நாடு திரும்ப முடியாமல் போக, கொடைக்கானலிலும் இருந்து தன் முறையை வளர்த்தார். சேரிப் பிள்ளைக்காகக் கண்டுபிடித்த வித்தை நம்மிடம் வந்ததும் ஏ.சி. அறைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பலகையில் பேர் மட்டும் அவருடையது. உள்ளே பெஞ்சு, பிரம்பு, நாலு கோடு நோட்டு.

குழிக்கு ஐந்து

கையால் கற்பது என்றால் என்ன? பயிற்சிப் பட்டறைகளில் மூன்று நாள் பவர்பாயின்ட் போட்டு விளக்கும் இந்த விஷயம் நம் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கிறது. பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஒரு குழியை அள்ளிக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது ‘பசு’, அந்தக் குழிக்காரருக்குச் சொந்தம். ஐந்து வயதுப் பிள்ளை எண்ணிப் பார்க்காமலே கண்ட மாத்திரத்தில் ‘பசு!’ என்று கத்துகிறது பாருங்கள், அங்கே இருக்கிறது எண்ணறிவு. எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று கை வைப்பதற்கு முன்பே கண்ணால் ஓட்டிப் பார்க்கிறது பாருங்கள், அங்கே இருக்கிறது கணக்கு. தோற்றுப்போய், ‘நீ அழுகுணி ஆட்டம் ஆடற’ என்று சண்டை பிடித்து, வாதாடி, சமாதானமாகி மறுபடி குழி நிரப்புவதில் மொழியும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. கணக்கு பீரியட், தமிழ் பீரியட் என்று மணி அடித்துப் பிரிக்கத் தெரியாத வயது அது. பிரிக்கத் தெரிந்தது பெரியவர்களுக்குத்தான்.

‘அங்க போயி வெளயாடிட்டு வரான் சார், ஒண்ணும் சொல்லித் தரதில்ல’ என்று பெற்றவர்களும் சொல்கிறார்கள். அவர்களை நான் அதிகம் திட்டமாட்டேன். வங்கியிலும் தாலுகா ஆபீஸிலும் இங்கிலீஷ் பேசுகிறவனுக்கு நாற்காலி போடுவதையும், தாங்கள் கதவோரம் நிற்பதையும் ஆயுள் முழுக்கப் பார்த்தவர்கள். அந்தப் பயத்தில்தான் மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுக்கிறார்கள். என் கோபம் அந்தப் பயத்தை மாதத் தவணையில் காசாக்குகிறவர்கள்மேல்.

‘முயல வேண்டும்’

அரசாங்கத்துக்கு வருவோம். 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் 45-வது பிரிவில் ஓர் இலக்கு வைத்தார்கள்: பத்தே ஆண்டுகளில், பதினான்கு வயது முடியும் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி. எந்த வயதிலிருந்து என்று வரம்பு போடவில்லை, பால்குடி மறந்த பிள்ளையும் அதற்குள் அடக்கம். ஐம்பது ஆண்டு கழித்து, 2002-ல், 86-வது திருத்தம் வந்தது. கல்வியை அடிப்படை உரிமை ஆக்குகிறோம் என்று மேளம் கொட்டினார்கள். மேளச் சத்தத்தில் ‘ஆறு முதல் பதினான்கு வரை’ என்ற நாலு சொல் பலர் காதில் விழவில்லை. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை மட்டும் தனியாகப் பிரித்து 45-வது பிரிவில் விட்டார்கள். அவர்களுக்கு அரசு என்ன செய்யும்? கல்வியும் பராமரிப்பும் தர ‘முயலும்’.

2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் முடிந்துவிடுகிறது என்கிறது. ஆக, மூளையின் 85 சதவீதத்துக்கு முயற்சி, மிச்சத்துக்கு உரிமை. இதை எந்தப் பல்லாங்குழிப் பிள்ளையிடம் சொன்னாலும் ‘அழுகுணி ஆட்டம்’ என்று சொல்லும்.

அந்த முயற்சியின் பேர் பால்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்கள் தமிழ்நாட்டில் சுமார் 54,000. உணவு விஷயத்தில் இந்த மாநிலம் தலைநிமிர்ந்து நிற்கலாம். முட்டையும் சத்துமாவும் பிள்ளை வாய்க்குப் போய்ச் சேர்கின்றன, அதை மறுக்கிறவன் நாக்கு அழுகும். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று அழகான பெயரில் பாடத்திட்டமும் உண்டு. பொம்மைகள், கட்டைகள், பட அட்டைகள் கொண்ட முன்பருவக் கல்விப் பெட்டியும் உண்டு. அந்தப் பெட்டி எங்கே?

பீரோவில். பீரோ எங்கே? பூட்டியிருக்கிறது. சாவி எங்கே? டீச்சரின் இடுப்பில். ஏன்? பொம்மை உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் கணக்கு இடிக்கும். ஆய்வுக்கு வரும் அலுவலர் எண்ணிப் பார்ப்பார், பதினெட்டு கட்டையில் ஒன்று குறைந்தாலும் ‘எங்கேம்மா போச்சு?’ என்பார். அதனால் அதிகாரி வரும் நாளில் மட்டும் பீரோ திறக்கப்படும். பாய் விரித்து, கட்டைகளைப் பரப்பி, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, ‘தொடாதீங்க, சார் வரட்டும்’ என்று எச்சரிக்கை செய்யப்படும். சார் வருவார். போட்டோ எடுக்கப்படும். குரூப்பில் ஏற்றப்படும். கட்டைகள் எண்ணப்பட்டு மறுபடி சிறைக்குப் போகும். முதல் தடவையாகக் கட்டையைக் கையில் எடுத்த பிள்ளை வீறிட்டு அழும். அதைச் சமாளிக்க ஆயா ஒரு பாட்டுப் பாடுவார். அது ‘பாடல் வழிக் கற்றல்’ என்று குறிக்கப்படும்.

டீச்சரைக் குறை சொல்கிறேனா? அந்த அம்மாவின் காலைப் பாருங்கள். பிள்ளைகளை எடை போட வேண்டும், உயரம் அளக்க வேண்டும். கர்ப்பிணிகளைப் பதிய வேண்டும், பாலூட்டும் தாய்மாருக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும். 2021-ல் வந்த ‘போஷன் டிராக்கர்’ செயலியில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். 2025 ஜூலையிலிருந்து சத்துமாவு வாங்க வருகிறவரின் முகத்தைச் செயலிக்குக் காட்டி அது ‘ஆமாம், இவர்தான்’ என்று ஒப்புக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். பத்து மாதமாகத் தெருவில் தினம் பார்க்கும் கர்ப்பிணியை டீச்சருக்கு அடையாளம் தெரியும், டெல்லியிலிருக்கும் சர்வருக்குத் தெரியாதாம். தேர்தல் வந்தால் பல ஊர்களில் வாக்குச்சாவடி நிலை அலுவலரும் இவரேதான். இத்தனைக்கும் நடுவே, ஒரு கையில் போன், ஒரு கையில் பதிவேடு, இடுப்பில் மூக்கொழுகும் ஒரு பிள்ளை என்று நிற்கும் இவரிடம் ‘ஐம்புலன்களையும் தூண்டும் செயல்பாடுகளை ஒருங்கிணைந்த முறையில்’ நடத்தச் சொல்கிறது சுற்றறிக்கை. எந்தக் கையால் நடத்துவார்?

பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார். அகலமான டம்ளரில் இருக்கும் தண்ணீரை ஒல்லியான, உயரமான டம்ளரில் கண்ணெதிரே ஊற்றிக் காட்டி, எதில் அதிகம் என்று கேட்டார். நான்கைந்து வயதுப் பிள்ளை உயரமானதில்தான் அதிகம் என்று சொல்லும். மண்ணும் தண்ணீரும் அள்ளி ஊற்றி விளையாட விளையாட, ஏழு வயது வாக்கில் பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிடும். நம் துறைகளுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. அதே ஒரு சொம்பு வேலையைப் பதிவேட்டிலிருந்து செயலிக்கும், செயலியிலிருந்து டேஷ்போர்டுக்கும் ஊற்றி, டம்ளர் உயர உயர ‘கற்றல் அடைவு கூடிவிட்டது’ என்று கைதட்டிக்கொள்கிறார்கள்.

நடந்து காட்டிய காலம்

‘இதெல்லாம் ஏட்டுக்குச் சரி, அரசுப் பள்ளிக்கு ஒத்து வராது’ என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் ஆணையர் விஜயகுமார் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். வேலூர் ஆட்சியராக இருந்து குழந்தைத் தொழிலாளர்களை மீட்டுப் படிக்க வைத்த அனுபவமும், ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியின் முறையும் அவர் கைமுதல். பெஞ்சுகள் வெளியேறின, பாய்கள் வந்தன. பாடம் அட்டை அட்டையாகப் பிரிந்தது. சுவரோரம் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்தவை தொங்கின. தான் எந்த அட்டையில் நிற்கிறோம் என்பது பிள்ளைக்கே தெரிந்தது. 2007-ல் இது தமிழ்நாடு முழுவதும் போனது. அரசாங்கப் பள்ளியைப் பார்க்க வெளிமாநிலத்துக்காரர்கள் வண்டி ஏறி வந்த அதிசயமும் நடந்தது.

குறை இல்லாமல் இல்லை. அட்டை தேய்ந்தால் புது அட்டை வரவில்லை, ஆசிரியர் குறைவு, மேலிருந்து வந்த அவசரம். குறையைச் சரிசெய்திருக்கலாம். நம் வழக்கம் வேறல்லவா? பந்தல் கம்பியில் துணி காயப்போட்டோம். அடுத்தடுத்த ஆட்சிகளுக்கு அடுத்தடுத்த பேர் தேவைப்பட்டது. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பாடம், பாடல், பொம்மலாட்டம், களங்கள். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் பிள்ளை பூப்பதற்குள், எத்தனை பூத்தது என்று செயலியில் ஏற்றச் சொல்லி ஆசிரியர் கையில் போன் வந்துவிட்டது. இணையம் சுற்றிக்கொண்டே இருக்க, ஆசிரியர் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க, பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ‘கைகட்டு, வாய்பொத்து’தான்.

அரசுப் பள்ளி வளாகங்களில் 2019-ல் தொடங்கிய 2,381 எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளின் கதையும் தெரியும். 2022-ல் மூடுகிறோம் என்றார்கள், எதிர்ப்பு வந்ததும் மூடவில்லை என்றார்கள். சிறப்பாசிரியர்களை வைத்தார்கள். சம்பளம் அப்போது மாதம் 5,000 ரூபாய். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கூடக் கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரிக்கும் தொகை. மனித மூளையின் 85 சதவீதத்தை வளர்த்துக் கொடுப்பதற்கு நம் நாட்டில் சந்தை விலை அவ்வளவுதான்.

டெல்லியும் சும்மா இருக்கவில்லை. 2023 பிப்ரவரியில் ‘ஜாதுயி பிட்டாரா’ என்று ஒரு மாயப்பெட்டி வெளியிட்டது. பொம்மை, புதிர், கதை எல்லாம் உண்டு. மறு வருஷமே, பி.எம்.ஸ்ரீ என்ற பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லித் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடியை நிறுத்தி வைத்தது. மாயப்பெட்டி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளே கை விட்டால் பணம் மாயமாகிவிடுகிறது.

மலைமேல்

இப்போது மலையேறுவோம். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளைப் பற்றிக் கூட்டத்தில் பேசும் அதிகாரிகளுக்கு ஒரு வசனம் உண்டு: ‘இவங்களுக்கு இயற்கையே பள்ளிக்கூடம் சார்!’ கேட்கும்போது கண்ணில் நீர் வரும். எதற்கு வருகிறது என்பது ஆளைப் பொறுத்தது.

கடுக்காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் பிள்ளைக்கு வகைப்படுத்தல் தெரியும். சாமைக்கும் தினைக்கும் கதிரிலேயே வித்தியாசம் சொல்லும். எந்த மரத்தில் எப்போது தேன் இருக்கும் என்று அறியும். உண்மை. வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் பொன்னாக விளையும் அறிவு. ஆனால் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு தண்ணீர்க் குடத்தோடு மேடேறும் ஆறு வயதுப் பெண்ணிடம் ‘எடையும் கொள்ளளவும் அனுபவ வழியில் கற்கிறாய்’ என்று சொல்லப் பெரிய நெஞ்சழுத்தம் வேண்டும். அது விளையாட்டு அன்று, வேலை. இயற்கை அவ்வளவு நல்ல பள்ளிக்கூடமாக இருந்தால் அந்த அதிகாரி தன் பிள்ளையை இரண்டு டெர்ம் இங்கே அனுப்பட்டும். ஏ.சி. பிளே ஸ்கூலில் கட்டிய டொனேஷனைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

கட்டடம் இல்லாததற்கும், ஒரே ஆள் சமைத்து, துடைத்து, சொல்லிக்கொடுக்கும் குறு மையங்களுக்கும், டவர் கிடைக்காமல் பாறைமேல் ஏறி நின்று செயலியைப் பிடிக்கும் டீச்சருக்கும் ‘இயற்கை’ என்று ஒரு பேர் வைத்தாயிற்று. பெற்றவர்கள் பிழைப்புக்கு மலையிறங்கிப் போகிறார்கள். மடியில் உட்கார்ந்து கதை கேட்க வேண்டிய வயதில் பிள்ளை டிரங்குப் பெட்டியோடு உண்டு உறைவிடப் பள்ளியில் இறக்கிவிடப்படுகிறது. அங்கே அதற்கு முதலில் கிடைப்பது வரிசை. சாப்பாட்டுக்கு வரிசை, குளிக்க வரிசை, ஜெபம் மாதிரி வாய்ப்பாடு.

இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. கூலி இல்லாத வெட்டி வேலை, எதிரே நின்றால் கைகட்டி, வாய்பொத்தித்தான் நிற்க வேண்டும். அரசு ஜாகீரைக் கையகப்படுத்தியது 1976-ல். அதாவது, நாட்டுக்கு விடுதலை கிடைத்து 29 ஆண்டு கழித்து. சாராயச் சாவுகளுக்குப் பிறகு 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, சாலை எங்கே, பள்ளி எங்கே, மருத்துவமனை எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது. தாத்தா ஜாகீர்தாருக்கு முன்னால் செய்ததைப் பேத்தி இன்று ஒன்றாம் வகுப்பில் செய்கிறாள். வித்தியாசம் ஒன்று உண்டு. தாத்தாவுக்கு அது அடிமைத்தனம் என்று தெரிந்திருந்தது. பேத்திக்கு அதை ஒழுக்கம் என்று சொல்லி, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போடுகிறோம். நமக்கு வேண்டியதும் அதுதானோ என்று எனக்குச் சந்தேகம். கட்டையை அடுக்கி, சாய்ந்தால் ஏன் சாய்ந்தது என்று கேட்டுப் பழகிய பிள்ளை நாளைக்கு ரேஷனில் எடை ஏன் குறைகிறது என்று கேட்கும். சாலைக்கு வந்த பணம் எங்கே போனது என்று கேட்கும். சாராயம் யார் தயவில் மலையிறங்கி வந்தது என்று கேட்கும். கேட்கத் தெரியாத கைகள்தான் செம்மரம் வெட்டவும் ஊறல் போடவும் மலிவாகக் கிடைக்கும்.

ஒரு மெமோ

புலம்பிவிட்டுப் போவதில் எனக்கு விருப்பம் இல்லை. வேண்டியது என்ன என்று யாருக்கும் தெரியாமலும் இல்லை. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கும் கல்வி உரிமை என்று சட்டத்தில் எழுதுங்கள், ‘முயலும்’ என்ற சொல்லை எடுங்கள். ஒவ்வொரு பால்வாடிக்கும், மலைமேல் இருக்கும் குறு மையத்துக்கு முதலாவதாக, சொல்லிக்கொடுப்பதற்கென்றே ஓர் ஆளைப் போடுங்கள், அவருக்கு வயிறு நிறையச் சம்பளம் கொடுங்கள். செயலியை வேறு யாராவது நிரப்பட்டும், மேலே உட்கார்ந்திருப்பவர்கள் வேலையில்லாமல்தான் இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு வாங்கி மாலை போட்டுக்கொண்டோம். சாமி சிலையும் வாகனமும் செதுக்கும் அந்தக் கைகளிடம், பால்வாடிக்கு ஒரு செட் மரக்கட்டை, ஒரு பல்லாங்குழி செய்து கொடுங்கள் என்று எந்த அலுவலகமாவது ஓர் ஆர்டர் போட்டிருக்குமா? சிற்பிக்கும் சோறு, பிள்ளைக்கும் பொம்மை. இதற்கு உலக வங்கிக் கடன் தேவைப்படாது.

அதிகாரிகளுக்கு ஆய்வு செய்யாமல் தூக்கம் வராது, தெரியும். செய்யுங்கள். இருப்புப் பதிவேட்டை விரியுங்கள், ‘உடைந்தவை’ என்ற பத்தியைப் பாருங்கள். தலை போன பொம்மை, சக்கரம் கழன்ற வண்டி, கடிபட்ட கட்டை என்று அங்கே நிறைய இருந்தால் அந்த டீச்சருக்கு மேடையேற்றிச் சால்வை போடுங்கள். எல்லாம் வந்தபடியே, புதுக்கருக்கு அழியாமல், ஒன்றுகூடக் குறையாமல் இருந்தால் மெமோ அடியுங்கள். டீச்சருக்கு இல்லை, பதினெட்டு கட்டையையும் எண்ணி வாங்கிப் பூட்டச் சொன்ன உங்கள் மேலதிகாரிக்கு. காரணம் என்ற இடத்தில் எழுதுங்கள்: அரசுப் பணத்தில் வாங்கிய பொம்மைகளைப் பிள்ளைகள் கைக்குப் போகவிடாமல் களவாடியது.